‘டிஸ்சார்ஜ்’ என்றால் எந்த நிமிடம்?
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன. ஒரு மென்பொருளைச் செய்யத் தொடங்கும் முன் ‘இது என்னென்ன செய்ய வேண்டும்’ என்று எழுதி வைக்கும் ஆவணம் பற்றிய கேள்விகள் அவை. கம்பெனிகளில் அதை எஸ்.ஆர்.எஸ். என்பார்கள், பேச்சில் ‘ஸ்பெக்’. இருபத்திரண்டு வருடமாக என் வேலையே இதுதான். அதிலும் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்கு. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதற்கே முழுப் பக்கங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு வருடம் டெஸ்டராக இருந்தேன் அக்கா. இப்போது, கிளையன்ட்டின் தேவைகளைக் கேட்டு எழுதும் பிசினஸ் அனலிஸ்ட் ஆக்கியிருக்கிறார்கள். அறுபது பக்க டெம்ப்ளேட் ஒன்றைக் கொடுத்து முதல் எஸ்.ஆர்.எஸ். எழுதச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

டெம்ப்ளேட்டை மூடி வையுங்கள். அது தேவைப்படும், ஆனால் இப்போது இல்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கிளையன்ட் ஆட்கள் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். புரியாத சொல் வந்தால் எப்படியும் கேட்டுவிடுவீர்கள். ‘இது எனக்குத் தெரியுமே’ என்று தோன்றும் சொல் வந்தால் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வேலைக்கு வந்த நான்காவது வருடம், மதுரையில் ஒரு மருத்துவமனைக்குப் படுக்கைகளை நிர்வகிக்கும் மென்பொருள் செய்தோம். நான் எழுதிய ஸ்பெக்கில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் படுக்கை காலி எனக் காட்டப்படும்.’ மருத்துவர்கள் படித்தார்கள், பில்லிங் மேலாளர் படித்தார், தலைமைச் செவிலியர் படித்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மென்பொருள் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், அவசரப் பிரிவிலிருந்து ஒருவரை ஸ்ட்ரெச்சரில் மேலே அனுப்பினார்கள். திரையில் அந்தப் படுக்கை பச்சையாக இருந்தது. போய்ப் பார்த்தால் ஒரு பாட்டி அதில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகன் கீழே இன்சூரன்ஸ் ஒப்புதலுக்குக் காத்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் வந்தவர் நாற்பது நிமிடம் நடைபாதையில் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வார்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டேன். டிஸ்சார்ஜ் என்றால் எது? மருத்துவருக்கு, ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டில் அவர் அந்தச் சொல்லை எழுதும் நிமிடம். மருந்தகத்துக்கு, மீந்த மருந்து திரும்பி வந்து கணக்கு முடியும் நேரம். பில்லிங்குக்கு, பணமோ இன்சூரன்ஸ் ஒப்புதலோ வந்து ‘நோ டியூ’ சீட்டு கொடுப்பது. செவிலியருக்கு, கையில் குத்தியிருந்த ஊசிக்குழாயை எடுத்து, நோயாளி வார்டு வாசலைத் தாண்டுவது. துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவுக்கு, விரிப்பை மாற்றிக் கட்டிலைத் துடைத்து முடிப்பது. முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவே சில நாட்களில் ஆறு மணி நேரம் ஓடிவிடும். புரோகிராமர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, ஐந்து அர்த்தத்துக்கும் இடம் கொடுத்து எழுதியவள் நான். அப்புறம் அந்த ஒரு சொல்லை ஐந்து நிலைகளாகப் பிரித்தோம். துடைத்து முடித்த அம்மா தன் போனில் பட்டனை அழுத்தினால்தான் படுக்கை பச்சையாகும் என்று மாற்றினோம்.

விமானத்தில் இதே மாதிரி ஒரு சொல் உயிரை வாங்கியிருக்கிறது. ‘தரையிறங்கிவிட்டது’ என்ற சொல்தான் அது. 1993 செப்டம்பர் 14 அன்று போலந்தின் வார்சா விமான நிலையத்தில் லுஃப்தான்சாவின் ஏ-320 ஒன்று கொட்டும் மழையில் இறங்கியது. இறங்கியதும் வேகத்தைக் குறைக்க இறக்கைமேல் எழும்பும் ஸ்பாய்லர் தகடுகள், பறந்துகொண்டிருக்கும்போது தவறுதலாக எழும்பிவிடக் கூடாது என்பதற்காக, விமானம் தரையில் இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும். இரண்டு பக்கச் சக்கரக் கால்களும் ஒவ்வொன்றும் 6.3 டன்னுக்கு மேல் பாரம் தாங்க வேண்டும், இல்லையென்றால் சக்கரங்கள் 72 நாட் (மணிக்குச் சுமார் 133 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் சுழல வேண்டும். தரை என்பதற்கு அங்கே எழுதியிருந்த அர்த்தம் இதுதான். அன்று காற்று மாறும் என்ற எச்சரிக்கையால் ஓட்டிகள் விமானத்தைக் கொஞ்சம் சாய்த்து, கூடுதல் வேகத்தில் இறக்கினார்கள். வலது கால் முதலில் தொட்டது. இடது கால் தொட 9 வினாடி ஆனது. தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில் சக்கரங்களும் சரியாகச் சுழலவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு விமானம் தரையில், மென்பொருளுக்கு இன்னும் ஆகாயத்தில். ஓடுபாதை முடிந்து மண்மேட்டில் மோதியதில் 2 பேர் இறந்தார்கள். காற்று, மழை, ஓட்டிகளின் முடிவு என்று பல காரணங்கள் சேர்ந்த விபத்து அது. ஆனால் அந்த 9 வினாடிகள் ஒரு சொல்லின் அர்த்தத்துக்குள் இருந்தவை.

அதனால் உங்கள் முதல் பக்கம் சொற்பட்டியலாக இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ‘யார், என்ன செய்யும் நிமிடத்தில் இது உண்மையாகிறது’ என்று எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு நான்கு பேர் நான்கு பதில் சொன்னால் சந்தோஷப்படுங்கள், நாலு மாதம் கழித்து வர வேண்டிய சண்டை இன்றைக்கே வந்துவிட்டது. இதெல்லாம் முடிந்த பிறகு டெம்ப்ளேட்டைத் திறக்கலாம். உங்கள் கையில் இருப்பது அநேகமாக ஐ.இ.இ.இ. 830 என்ற பழைய தரநிலையின் வழி வந்ததாக இருக்கும். 2011இல் அதன் இடத்துக்கு 29148 என்ற தரநிலை வந்துவிட்டது, 2018இல் அதையும் திருத்தினார்கள். எதுவாக இருந்தாலும் அதன் தலைப்புகளை எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் எதையாவது எழுதி நிரப்பியே ஆக வேண்டும் என்று உட்காராதீர்கள்.

கிளையன்ட் தரப்பில் ஒரே ஒரு மேலாளரைத்தான் கண்ணில் காட்டுகிறார்கள். ‘எதுவானாலும் என்னிடமே கேளுங்கள், எல்லாம் எனக்குத் தெரியும்’ என்கிறார். உண்மையிலேயே நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். அது போதாதா?
– சென்னை, பெருங்குடியிலிருந்து ஒரு வாசகர்

போதாது. அவருக்குத் தெரிந்தது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது. வேலை எப்படி நடக்கிறது என்பது கவுன்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுக்காக இப்படி ஒரு நல்ல மேலாளருடன் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். பெயர் கட்டாயம், கடைசிப் பெயர் கட்டாயம், பிறந்த தேதி கட்டாயம், கைபேசி எண் கட்டாயம் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். கடைசியில் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு இரவு முழுக்கப் பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு, நினைவில்லாத ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். பெயர் தெரியாது, கூட யாரும் இல்லை. ஒரு மணிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இரண்டுக்கும் இன்னும் பெயர் கிடையாது. தாயின் பெயரை வைத்து ‘பேபி ஆஃப்’ என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் இருவருக்கும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே கைபேசி எண், ஒரே முகவரி. நாங்கள் எழுதியிருந்த விதிப்படி இரண்டாவது குழந்தையை மென்பொருள் ‘ஏற்கனவே பதிவானவர்’ என்று தள்ளிவிட்டிருக்கும். அந்தக் கவுன்டர் தம்பி மேசை இழுப்பறையில் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார். கணினியில் ஏற்ற முடியாததெல்லாம் அதில் இருந்தது. என் உண்மையான ஸ்பெக் அந்த நோட்டுதான்.

நம் ஊரில் கடைசிப் பெயர் என்ற ஒன்றே பலருக்கு இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், அவ்வளவுதான். ‘கட்டாயம்’ என்று திரை அடம்பிடித்தால் கவுன்டரில் இருப்பவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பத்தாயிரம் பேருக்குக் கடைசிப் பெயர் புள்ளி. முகவரியும் இப்படித்தான். சென்னையில் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. தபால்காரருக்கு இரண்டுமே வேண்டும். திரையில் இருப்பதோ ஒரே கட்டம்.

பெரிய அளவில் இது நடந்தது லண்டனில். 1992 அக்டோபர் 26 அன்று அந்த ஊரின் ஆம்புலன்ஸ் சேவை, அழைப்புக்கு எந்த வண்டியை அனுப்புவது என்பதைக் கணினியிடம் விட்டது. ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது, காலியாக இருக்கிறதா என்ற தகவல் கிட்டத்தட்டப் பிழையே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் என்று நம்பித்தான் அந்த அமைப்பு கட்டப்பட்டிருந்தது. தெருவிலோ ரேடியோ கிடைக்காத இடங்கள் உண்டு. அவசரத்தில் பட்டன்களை வரிசை மாற்றி அழுத்துவார்கள், குறித்த வண்டியை விட்டுப் பக்கத்து வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். கணினியின் வரைபடம் ஒன்றும் தெருவின் நிலை வேறொன்றும் ஆகி, அழைப்புகள் குவிந்தன. இரண்டே நாளில் பாதி பழைய முறைக்கே திரும்பினார்கள். வண்டி ஓட்டுகிறவர்களைப் போதுமான அளவு சேர்த்துக்கொள்ளவில்லை என்பது பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்த விஷயங்களில் ஒன்று.

உங்கள் மேலாளரிடம் சண்டை போடாதீர்கள். ‘நீங்கள் சொன்னதை நேரில் ஒருமுறை பார்த்துப் புரிந்துகொள்கிறேன், ஒரே ஒரு ஷிஃப்ட்’ என்று கேளுங்கள். இரவு ஷிஃப்ட்டாகக் கேளுங்கள்.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தெரிந்த பையன் ஒருவன் பில் போடும் மென்பொருள் செய்து தருகிறேன் என்கிறான். ‘உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டான். பில் போட வேண்டும், ஸ்டாக் காட்ட வேண்டும். இதற்குமேல் எனக்கு என்ன எழுதத் தெரியும்?
– விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்

நிறையத் தெரியும் அண்ணாச்சி, உங்களுக்கு மட்டும்தான் தெரியும். என்ன வேண்டும் என்று யோசித்து எழுதாதீர்கள். போன வாரம் கடையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். சுலபமாக முடிந்த பில்லை விட்டுவிடுங்கள், நீங்கள் எழுந்து வந்து தீர்த்துவைத்த பில் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

ஒரே சோப்பு, ஒரே பார்கோடு, ஆனால் அலமாரியில் பழைய விலை அச்சடித்தது நாலு, புது விலை அச்சடித்தது பத்து. ஸ்கேன் செய்தால் எந்த விலை வர வேண்டும்? பத்துச் சாமான் அடித்த பிறகு கரண்ட் போய்விட்டது. திரும்பி வரும்போது பில் பாதியில் நிற்க வேண்டுமா, முதலிலிருந்தா? வாடிக்கையாளர் ‘பருப்பு எடுக்க மறந்துட்டேன்’ என்று உள்ளே போய்விட்டார், பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். அவர் பில்லை ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவருக்குப் போட முடியுமா? கணக்கு வைத்து வாங்கும் வீட்டுக்காரர் ஐநூறு கொடுத்தால் எந்தப் பாக்கியில் கழிப்பீர்கள், பழையதிலா, இன்றையதிலா? மூட்டையாக வாங்கி கிலோவாக விற்கும்போது எடையில் குறைவது எந்தக் கணக்கில் போகிறது? நீங்கள் இதையெல்லாம் யோசிக்காமலே செய்துவிடுவீர்கள். அந்தப் பையன் கடையில் நின்றதில்லை, அவனுக்கு இது ஒன்றும் தெரியாது.

வரியைப் பற்றிக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து விகிதங்கள் எத்தனை தடவை மாறின என்று உங்களுக்கே தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. ‘ஷாம்பு – 18%’ என்று நிரலுக்குள் எழுதிவைத்திருந்தால் அன்று காலை கடை திறக்க முடியாது. விகிதத்தோடு, எந்தத் தேதியிலிருந்து என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். 20ஆம் தேதி வாங்கிய ஷாம்புவை ஒருவர் 25ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால், வாங்கிய அன்று போட்ட 18 சதவீதத்தோடுதான் கணக்கு திரும்ப வேண்டும். இதை ஒரு வரியாக எழுதிக் கொடுத்தால் பையன் புரிந்துகொள்வான். எழுதாவிட்டால் இன்றைய விகிதத்தைத்தான் எடுப்பான்.

பைசாவை முழுதாக்குவது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். வரி சேர்க்காமல் ரூ.10.30 விலையுள்ள மூன்று சாமான்கள், வரி 5 சதவீதம், அரைப் பைசா வந்தால் மேலே தள்ளுவது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசையாகப் போட்டால் வரி 52 பைசா வீதம் ரூ.1.56. மொத்தம் ரூ.30.90க்கு ஒரேயடியாகப் போட்டால் ரூ.1.55. அதே மொத்தத்துக்கு மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று தனித்தனியாக முழுதாக்கிக் கூட்டினால் ரூ.1.54. மூன்றும் கணக்குப்படி சரி. உங்கள் ஆடிட்டர் எந்த வழியில் பார்க்கிறாரோ அந்த வழியைக் கேட்டு, இந்த எண்களையே உதாரணமாக எழுதிக் கொடுங்கள். ஒரு பக்க விளக்கத்தைவிட, விடை எழுதிய ஒரு பில் பெரிய உதவி.

எஸ்.ஆர்.எஸ். பாடத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். உண்மையிலேயே ஸ்பெக் சரியில்லாததால் ராக்கெட் விழுந்தது என்கிறார்களே, அது சரியா?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

சரிதான், ஆனால் இரண்டு கதைகளைப் பலர் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகத் தென்னமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பி, 40 வினாடிகூட ஆகாமல் சிதறியது. திசை காட்டும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து அப்படியே வந்தது. பக்கவாட்டு வேகம் சார்ந்த ஒரு எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குச் சுருக்கும் இடத்தில் அது இடம் போதாமல் வழிந்தது. ஏரியான் 4இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது, 5 வேறு பாதையில் வேகமாகப் போகிறது. கொடுமை என்னவென்றால், அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5க்குத் தேவையே இல்லை. பழைய ராக்கெட்டுக்கு வேண்டியிருந்தது, அதனால் இதிலும் ஓடிக்கொண்டிருந்தது. கருவியின் ஸ்பெக்கில் ஏரியான் 5இன் பாதை விவரமே சேர்க்கப்படவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. விடுபட்ட தேவைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ‘முன்பு ஓடியதுதானே’ என்ற நம்பிக்கையை யாரும் ஒரு வரியாக எழுதிவைப்பதில்லை. எழுதாததால் யாரும் அதைக் கேள்வியும் கேட்பதில்லை.

இன்னொன்று நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம். 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. சின்ன ராக்கெட்டுகளின் உந்துதலைக் கணக்கிடும் தரைநிலைய மென்பொருள், பவுண்டு அளவில் எண்களைக் கொடுத்தது. வாங்கிய பக்கம் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டரில் போக வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் வரை இறங்கிவிட்டது. இதை ‘ஸ்பெக்கில் அலகு எழுதவில்லை’ என்று பாடம் நடத்துகிறார்கள். அப்படியில்லை. நியூட்டன்-வினாடி என்று ஸ்பெக்கில் தெளிவாக இருந்தது. வந்த எண்கள் அந்த ஸ்பெக்கோடு பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் வேலைதான் நடக்கவில்லை. அதனால் நான் எழுதும் ஒவ்வொரு தேவையின் பக்கத்திலும் ‘இதை எந்தச் சோதனை பார்க்கும்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தேவையை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் பரீட்சையில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். மதிப்பெண் கூடுமா என்று தெரியாது, வேலைக்குப் போனால் உதவும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். என் மருமகள் இந்த வேலை பார்க்கிறாள். எல்லாமே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமாம். தமிழில் இவ்வளவு துல்லியமாக எழுத முடியாதா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

முடியும் ஐயா. நான் எழுதுகிறேன். கம்பெனிக்குப் போவது ஆங்கிலப் பிரதி, வார்டில் செவிலியர்களிடம் படித்துக்காட்டுவது தமிழ்ப் பிரதி. தமிழில் எழுதும்போதுதான் என் ஆங்கில வரிகளில் இருந்த ஓட்டைகள் எனக்கே தெரிந்தன.

நீங்கள் வகுப்பில் நடத்தியிருக்கும் இலக்கணம் எல்லாம் இங்கே வேலைக்கு வரும். முதலில் தோன்றா எழுவாய். ‘ரத்தப் பரிசோதனை முடிவு மருத்துவருக்குத் தெரிவிக்கப்படும்.’ யார் தெரிவிப்பது? மென்பொருளா, ஆய்வக ஊழியரா? எந்த மருத்துவருக்கு, சேர்த்தவருக்கா, அப்போது பணியில் இருப்பவருக்கா? செயப்பாட்டுவினை வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, ‘யார்?’ என்று எழுதுவது என் பழக்கம். பாட்டி இட்லி சாப்பிட்ட கதையில் நான் எழுதியிருந்த வரியும் ‘காட்டப்படும்’ என்றுதான் முடிந்தது.

அடுத்தது ‘வேண்டும்’, ‘லாம்’. ‘செவிலியர் மருந்தின் அளவை மாற்றலாம்’ என்றால் அது அனுமதியா, அப்படியும் நடக்கக்கூடும் என்ற எச்சரிக்கையா? ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. இணையத் தரநிலைகளை எழுதுகிறவர்கள் 1997 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறு ஆவணத்தில் ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகிய சொற்களுக்கு இன்ன அர்த்தம் என்று வரையறுத்துவைத்தார்கள். நானும் தமிழ்ப் பிரதியின் முதல் பக்கத்தில் அப்படி ஒரு வரையறை வைக்கிறேன். வேண்டும் என்றால் விலக்கில்லை. லாம் என்றால் அனுமதி மட்டும்.

அப்புறம் எண்ணும்மை. ‘மருத்துவரும் செவிலியரும் ஒப்புதல் தரலாம்.’ இருவரும் சேர்ந்து தந்தால்தான் செல்லுமா, யார் ஒருவர் தந்தாலும் போதுமா? அதிக ஆபத்துள்ள மருந்துகளில் இந்த ஒரு ‘உம்’ மிகப் பெரிய விஷயம். ‘மட்டும்’ எங்கே நிற்கிறது என்பதும் அப்படியே. ‘மருத்துவர் மட்டும் ஊசியை நிறுத்தலாம்’, ‘மருத்துவர் ஊசியை மட்டும் நிறுத்தலாம்’. இரண்டையும் ஒரு செவிலியரிடம் படித்துக்காட்டினால் வித்தியாசத்தை உடனே சொல்லிவிடுவார்.

தமிழுக்கு ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸ் விமான இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தவர்கள் 2009இல் ‘இயர்ஸ்’ என்ற வாக்கிய முறையை வெளியிட்டார்கள். நிபந்தனை முதலில், செய்ய வேண்டியது பின்னால் என்பது அதன் அடிப்படை. தமிழ் வாக்கியம் தானாகவே அப்படித்தான் நடக்கிறது. ‘முடிவு வந்ததும்’, ‘நோயாளி ஐ.சி.யூ.வில் இருக்கும்வரை’, ‘நெட்வொர்க் அறுந்துவிட்டால்’ என்று தொடங்கினால் வினை கடைசியில் வந்து உட்காரும்.

உங்களுக்குப் பிடிக்கும் இன்னொரு விஷயம். ‘பெயர் 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று எழுதினால், எழுத்து என்றால் எது? ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிகள் எழுத்துகளுக்கு வைத்திருக்கும் யூனிகோடு என்ற குறியீட்டு முறையில் புள்ளிகளையும் தனியாக எண்ணி 7 குறியீடுகள். யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 21 பைட். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் சாதாரண ஆங்கில எழுத்தென்றால் 160 கொள்ளும், தமிழென்றால் 70 குறியீடுதான். ‘நோயாளிக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்’ என்ற ஒரு வரியை யோசிக்காமல் எழுதியதால் ஒரு செய்தி மூன்றாக உடைந்து, நடுத்துண்டு முதலில் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை வேளை அந்த நடுத்துண்டில் இருந்தது.

‘வேகமாக இருக்க வேண்டும்’, ‘பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்’ என்ற வரிகளை என் சீனியர் நீக்க விடமாட்டேன் என்கிறார். எனக்கோ அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.
– கோவையிலிருந்து ஒரு டெவலப்பர்

நீக்க வேண்டாம். கிளையன்ட் ஏதோ ஒரு வலியைச் சொல்லியிருக்கிறார், அது என்ன என்று கேட்டு அந்த வரியின் கீழே எழுதுங்கள். ஒரு மருந்தகத்தில் ‘வேகமாக’ என்பதைக் கேட்டுக் கேட்டு இப்படி வந்து நின்றோம்: ‘மருந்தின் பெயரில் முதல் மூன்று எழுத்தை அடித்ததும் 2 வினாடிக்குள் பட்டியல் வர வேண்டும், மாலை 6 முதல் 9 வரை ஆறு கவுன்டர்களும் இயங்கும்போதும் இது பொருந்தும்.’ அளந்து பார்க்க முடிகிற இதைத்தான் எங்கள் தொழிலில் ‘ஃபிட் கிரைட்டீரியன்’ என்கிறோம்.

‘எளிது’ என்பதை இன்னும் கவனமாகக் கேளுங்கள். அதே மருந்தகத்தில் மூத்த மருந்தாளுநர் ஒருவர் சொன்னார், ‘பட்டியல் வேகமா வந்தா மட்டும் போதாதும்மா, டோபமின் பக்கத்துலயே டோபுடமின் நிக்குது.’ பெயர் ஒன்றுபோல இருக்கும் மருந்துகளைத் திரையில் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற தேவை அவர் வாயிலிருந்து வந்ததுதான். அவரைப் பொறுத்தவரை எளிது என்றால் கை தவறாமல் இருப்பது.

நாங்கள் அஜைல் முறையில், அதாவது ‘ஸ்பிரின்ட்’ என்ற சில வாரத் துண்டுகளாகப் பிரித்து வேலை செய்கிறோம். கிளையன்ட் எப்படியும் மாற்றிக்கொண்டேதான் இருப்பார். அப்படியிருக்க இவ்வளவு எழுதி வைத்து என்ன பயன்?
– ஓசூரிலிருந்து ஒரு வாசகர்

ஸ்பிரின்ட் ஆனாலும் சரி, ஒரு வருடத் திட்டம் ஆனாலும் சரி, அந்தந்த வாரம் செய்யப்போவது என்ன என்று யாராவது தீர்மானிக்கத்தான் வேண்டும். எழுதாவிட்டால் அதை டெவலப்பர் ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகத் தீர்மானிப்பார். ஆவணம் பெரிதா சிறிதா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒவ்வொரு தேவையின் கீழும் ‘ஏன்’ என்று ஒரு வரியும், யார் சொன்னார் என்ற பெயரும் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாற்றச் சொல்லி வரும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்த ‘ஏன்’தான் சொல்லும்.

2020 ஏப்ரலில் அந்த மதுரை மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். கோவிட் வார்டில் ஒருவர் போன பிறகு, கிருமிநாசினி தெளித்து அறையைக் கொஞ்ச நேரம் மூடிவைக்க வேண்டும், அதுவரை படுக்கையைக் காலி என்று காட்டக் கூடாது. பழைய ஸ்பெக்கை எடுத்தோம். டிஸ்சார்ஜின் ஐந்து நிலைகளும், ஒவ்வொன்றின் கீழே ‘ஏன்’ என்ற வரியும் அப்படியே இருந்தன. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு நிலையைச் சேர்க்க ஒரு பிற்பகல்தான் ஆனது. எவ்வளவு நேரம் மூடிவைப்பது என்பதைத் தொற்றுத் தடுப்புச் செவிலியர் சொன்னார். ஜன்னல் இல்லாத மூன்று அறைகள் இருக்கின்றன, அவற்றுக்கு அந்த நேரம் பத்தாது என்று சொன்னவர் துப்புரவு வேலை பார்க்கும் அந்த அம்மா. அந்த மூன்று அறைகளுக்கு வேறு நேரம் என்று தனி வரியாக எழுதி, கீழே ‘யார் சொன்னது’ என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன்.